ராவணனும் வீணை வாசித்தவன்தான்

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் வண்டிகள் திரும்புகிற இடத்தில், அசோகத் தூணுக்கு அடியில் உட்கார்ந்து அந்தக் குழந்தை அழுதுகொண்டிருந்தது. இரண்டு வயது இருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வேனில் வந்த குடும்பம். வெயிலும் மணலும் பசியும் தூக்கமும் சேர்ந்த அழுகை அது. அம்மா செல்போனை எடுத்து வீணை இசை ஒன்றைப் போட்டு, குழந்தையின் காதருகே பிடித்தார். "வயித்துல இருக்கறப்பவே போட்டுப் பழக்குனதுங்க. மூளைக்கு நல்லதுன்னாங்க. குணமும் சாந்தமா வருமாம்" என்று பக்கத்தில் நின்ற எங்களுக்கும் விளக்கம் சொன்னார்.

குழந்தை போனைப் பிடுங்கி மணலில் வீசியது.

தார்ப்பாய்க்குக் கீழே சங்கும் பாசிமணியும் பரப்பி வைத்திருந்த பெரியவர் எழுந்து வந்தார். போனை எடுத்து, வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். பிறகு கடலைப் பார்த்துக் கையை நீட்டினார். "ஏம்மா, அந்தா அந்தப் பக்கந்தான் ராவணன் இருந்தான். அவன் வாசிக்காத வீணையா?"

முதலில் சிரித்தது மாமியார். அப்புறம் அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். குழந்தை மட்டும் அழுகையை நிறுத்தவில்லை.

ராமேஸ்வரத்திலிருந்து திரும்பிய பிறகும் அந்தப் பெரியவரின் கேள்வி என்னை விடவில்லை. நல்ல இசையைக் கேட்டால் குழந்தை நல்ல குழந்தையாகிவிடும் என்ற நம்பிக்கை இன்று பெரிய வியாபாரம். கர்ப்பிணிகளுக்கான ராகத் தொகுப்புகள், தொட்டிலில் மாட்டும் இசைப் பொம்மைகள், 'மூளை வளர்ச்சிக்கு' என்று தலைப்பிட்ட மணிக்கணக்கான வீடியோக்கள் என்று அது பெருகிக் கிடக்கிறது. அதற்கு ஒரு பதிலைச் சொல்லத் தனுஷ்கோடியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. எதிரே சுமார் 30 கிலோமீட்டரில் தலைமன்னார். ராவணனுடைய ஊரைப் பார்த்தபடி நின்றுகொண்டு இசையையும் நடத்தையையும் பற்றிப் பேசலாம்.

ராவணனின் கொடியில் இருந்தது வீணை. சிங்கமும் புலியும் கொடியில் ஏறிய உலகத்தில் ஒரு வாத்தியத்தைக் கொடியாக ஏற்றியவன் அவன். கயிலை மலையைப் பெயர்க்கப் போய், சிவனின் கால்விரலுக்கு அடியில் நசுங்கி, அங்கிருந்தே சாமகானம் பாடி மீண்டவன். திருஞானசம்பந்தரின் பதிகங்களில் எட்டாம் பாட்டு பெரும்பாலும் அவனுக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம்தான் ராமேஸ்வரம். ராமன் பூசித்த இடத்தைப் பாட வந்தவர்களும் ராவணனின் பாட்டை மறக்கவில்லை.

1958இல் வந்த 'சம்பூர்ண ராமாயணம்' படத்தைப் பார்த்தவர்களுக்கு ராவணனின் அரண்மனைக் காட்சி நினைவிருக்கும். டி.கே.பகவதிதான் ராவணன். பின்னால் சி.எஸ்.ஜெயராமனின் குரல். இசை கே.வி.மகாதேவன். காலைக்கு எந்த ராகம், மாலைக்கு எது, இரக்கத்துக்கு எது, போருக்கு எது என்று சபையிலிருந்து கேள்வி வரும். கையில் வீணையோடு அவன் ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டுவான். கயிலைநாதனை உருக்கிய ராகம் எது என்ற கேள்விக்குக் காம்போதியில் போய் முடிப்பான். எந்த மனநிலைக்கு எந்த ராகம் என்ற முழுப் பட்டியலும் அவனுக்கு மனப்பாடம். அத்தனையும் தெரிந்தவன்தான் அடுத்தவன் மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. காம்போதி கேட்டு உருகியது சிவன். பாடியவன் மலையிலிருந்து எழுந்ததும் பழைய ராவணனாகவே நடந்தான். அப்படியிருந்தும், அவன் கெட்டுப்போனதற்கு வீணைதான் காரணம் என்று ஒருவரும் சொன்னதில்லை. அவன் திருந்தாததால் காம்போதிக்குச் சக்தி இல்லை என்றும் சொன்னதில்லை. இசையை ஒரு பக்கமும் நடத்தையை இன்னொரு பக்கமும் வைத்து, இரண்டையும் அதனதன் எடையில் பார்க்க நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். இந்த வியாபாரத்தின் வேர் அங்கே இருக்கிறது.

1993இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த பிரான்சஸ் ரௌஷர், கார்டன் ஷா, கேத்தரின் கை ஆகிய மூவர் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். 36 கல்லூரி மாணவர்களைப் பத்து நிமிடம் மோட்சார்ட் கேட்க வைத்தார்கள். இரண்டு பியானோக்களுக்காக 1781இல் அவர் எழுதிய சொனாட்டா அது. இன்னொரு முறை அதே மாணவர்களுக்கு உடலைத் தளர்த்தச் சொல்லும் ஒலிநாடா. மற்றொரு முறை வெறும் மௌனம். ஒவ்வொன்றுக்கும் பிறகு, மடித்து வெட்டிய காகிதத்தைப் பிரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற கணக்குகளைக் கொடுத்தார்கள். மோட்சார்ட்டுக்குப் பிறகு மதிப்பெண் 8, 9 ஐ.க்யூ. புள்ளிகளுக்குச் சமமாகக் கூடியிருந்தது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் அந்த விளைவு கரைந்தும் போனது.

அவ்வளவுதான். அந்த ஆய்வில் குழந்தை ஒன்றுகூட இல்லை. நடத்தை பற்றிப் பேச்சே இல்லை. 'மோட்சார்ட் கேட்டால் புத்தி வளரும்' என்று ஆய்வாளர்கள் எழுதவும் இல்லை.

செய்தி ஊர்வழியே போகப்போகக் கல்லூரி மாணவன் குழந்தையானான். குழந்தை கைக்குழந்தையாகி, கைக்குழந்தை கர்ப்பத்துக்குள் போய்விட்டது. காகிதம் மடிக்கிற கணக்கு முதலில் புத்திசாலித்தனமாக மாறி, பிறகு ஒழுக்கமாகவும் மாறியது. 1997இல் டான் கேம்பெல் என்பவர் 'மோட்சார்ட் விளைவு' என்ற தலைப்பிலேயே புத்தகம் போட்டார். 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைத்தட்டு ஒன்று கொடுக்க 1,05,000 டாலர் கேட்டார். சட்டமன்றத்தில் பீத்தோவனைப் போட்டுக் காட்டி, இப்போதே புத்தி கூடியதுபோல் தெரியவில்லையா என்று உறுப்பினர்களிடம் கேட்டார். அதே ஆண்டு புளோரிடாவில், அரசுப் பணம் பெறும் குழந்தைகள் காப்பகங்களில் தினமும் செவ்வியல் இசை ஒலிக்க வேண்டும் என்று சட்டமே வந்தது.

சிரிப்பும் அப்போதே கூடவே வந்துவிட்டது. அந்த இசையைத் தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். மோட்சார்ட் கேட்டால் மோட்சார்ட் மாதிரி புத்தி வருமென்றால், மற்ற இசையமைப்பாளர்களைக் கேட்கும் பிள்ளைகள் எப்படி வளரும் என்று ஆளுக்கொரு குழந்தையைக் கற்பனை செய்தார்கள். அந்தக் கேலிக்குள் இருந்தது ஆழ்ந்த அன்பு. ஓர் இசையமைப்பாளரின் குணத்தை அவ்வளவு நுட்பமாக அறிந்தவருக்குத்தான் அவர் இசையில் வளர்ந்த பிள்ளையின் அடத்தைக் கற்பனை செய்ய வரும்.

நம் இசைக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டாமா? கச்சேரி கேட்கும் நண்பர்கள் சிலர் ஒரு மார்கழி மாலையில் சபா கேன்டீனில் உட்கார்ந்து போட்ட பட்டியல் இது.

நீலாம்பரி கேட்டு வளர்ந்த பிள்ளை வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும். வருகைப் பதிவு எடுப்பதற்குள் தூங்கிவிடும். முகாரிக் குழந்தை, டாக்டர் ஊசியை எடுப்பதற்கு முன்பே, ஆஸ்பத்திரி இருக்கிற தெரு வந்ததுமே அழும். தோடியில் ஊறிய பிள்ளையிடம் 'சாப்பிட்டாயா' என்று கேட்டால், ஆமாம் என்ற ஒரு சொல்லை மேலும் கீழும் அசைத்து அசைத்து, சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வேளைச் சாப்பாடு வந்துவிடும். ஆரபிப் பிள்ளைக்குப் படிக்கட்டில் நடக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். விவாதி மேளங்களைக் கேட்ட பிள்ளை எதற்கும் எதிர்வாதம் பேசும். கேட்பவர்களுக்குப் பல் கூசும், கடைசியில் பார்த்தால் அது சொன்னதுதான் சரியாக இருக்கும். நிரவல் குழந்தை கடைத்தெருவில் 'எனக்கு அந்த பொம்மை வேணும்' என்ற ஒரே வரியை எடுத்துக்கொண்டு, முதலில் 'எனக்கு' என்பதில் நின்று, பிறகு 'அந்த'வில் அழுத்தி, 'வேணும்' என்பதில் மேல் ஸ்தாயிக்குப் போகும். அதே பிள்ளைக்குப் பல்லவியும் தெரிந்திருந்தால் அந்த வரி மூன்று காலத்திலும் வரும். தனி ஆவர்த்தனம் கேட்டு வளர்ந்தது தட்டு, டம்ளர், அப்பாவின் முதுகு என்று எதையும் விடாது. அது ஆரம்பித்ததும் வீட்டில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து காபி குடிக்கப் போவார்கள். துக்கடாப் பிள்ளைக்குச் சோறு இறங்காது, முறுக்கு மட்டும் இறங்கும்.

கேன்டீனில் இதைச் சொல்லிச் சிரித்தவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது மனதில் நிற்கிறது: "இது எல்லாமே எங்க வீட்டுல இருக்கு. ஒரு ராகமும் போட்டதில்லை." குழந்தைகள் குழந்தைகளாகத்தான் இருக்கின்றன. ராகங்களுக்குத்தான் நாம் குழந்தைகளின் முகத்தை மாட்டிப் பார்க்கிறோம். அந்தப் பட்டியலைக் கேட்ட பிறகு தோடி என்றாலே எனக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன உருவம் தெரிகிறது. ராகத்தோடு எனக்கு இருந்த நெருக்கம் அதனால் கூடியிருக்கிறது.

இந்த நம்பிக்கை மேற்கிலிருந்து மட்டும் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். நம்மிடமும் நிறைய இருந்தது. தாயின் வயிற்றில் நாரதர் சொல்லக் கேட்டவன் பிரகலாதன். சுபத்திரை நடுவில் தூங்கிவிட்டதால் சக்கர வியூகத்துக்குள் போக மட்டும் கற்றவன் அபிமன்யு. முத்துசுவாமி தீட்சிதர் ஒரு சீடரின் வயிற்று வலிக்காக அடாணாவில் குரு பகவான் மேல் கீர்த்தனை பாடினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அமிர்தவர்ஷிணி பாடி எட்டயபுரத்து வறட்சியில் மழை வரவழைத்தார் என்பதும் அப்படியே. ராமேஸ்வரத்து ராமநாதர் மீதும் காசிராமக்ரியா ராகத்தில் அவர் கீர்த்தனை உண்டு. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைத் தலைவர் டி.சி.சிங், காசித்தும்பைச் செடிகளுக்கு இசையைக் கேட்கச் செய்து, அவை கூடுதலாக வளர்ந்ததாக 1960களில் சொன்னபோது தமிழ்நாட்டில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் வந்திருக்காது. பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்காரரான குன்னக்குடி வைத்தியநாதன், வயலின் மேடையோடு நிற்காமல் ராக ஆராய்ச்சி மையம் வைத்து இசை மருத்துவத்தில் இறங்கியவர்.

குழந்தையும் பசுவும் பாம்பும்கூட இசையின் சுவையை அறியும் என்ற ஒரு பழைய வடமொழி வாக்கைச் சங்கீதக்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள். அதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அதில் குழந்தை இசையை ரசிக்கிறது. ரசிப்பதோடு அந்த வாக்கு முடிகிறது. முதல் ரேங்க் வாங்கும் என்றோ, சொன்ன பேச்சைக் கேட்கும் என்றோ அதில் ஒரு சொல்லும் கிடையாது. பால் கூடுதலாகக் கறக்கும் என்று பசுவுக்கும், கடிக்காது என்று பாம்புக்கும்கூட அந்த வாக்கு உத்தரவாதம் தரவில்லை. அவையெல்லாம் பிற்பாடு நாம் சேர்த்துக்கொண்டவை.

சரி, ஆய்வுகள் கடைசியில் எங்கே வந்து நின்றன?

1999இல் கிறிஸ்டோபர் சாப்ரிஸ், அதுவரை வந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு விளைவு மிகச் சிறியது என்று அதே 'நேச்சர்' இதழில் எழுதினார். 2010இல் வியன்னா பல்கலைக்கழகத்துக்காரர்கள், மோட்சார்ட் வாழ்ந்த ஊரிலேயே உட்கார்ந்து, சுமார் 40 ஆய்வுகளையும் 3,000 பேரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மோட்சார்ட்டுக்கென்று தனிச் சிறப்பு எதுவும் அவர்களுக்கும் தட்டுப்படவில்லை. டொரண்டோவைச் சேர்ந்த கிளென் ஷெலன்பெர்க்கும் அவருடைய சகாக்களும் காரணத்தைப் பிடித்தார்கள். மனதுக்கு உற்சாகம் தருகிற எதுவும் சிறிது நேரத்துக்கு மூளையைச் சுறுசுறுப்பாக்கும். மோட்சார்ட்டைவிடக் கதையை விரும்பியவர்களுக்கு ஸ்டீபன் கிங்கின் கதையைக் கேட்டாலும் அதே பலன் கிடைத்தது. பிரிட்டனில் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் சுமார் 8,000 பேரில் சிலருக்கு மோட்சார்ட்டும், சிலருக்கு 'பிளர்' போன்ற பாப் குழுக்களின் பாட்டும், சிலருக்குப் பேச்சும் போட்டுப் பார்த்தபோது, பாப் கேட்ட பிள்ளைகள்தான் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். அவர்களுக்குப் பிடித்தது அதுதான்.

ஷெலன்பெர்க் 2004இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எல்லாப் பெற்றோருக்கும் தெரிய வேண்டியது. ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேர். சிலருக்குக் கீபோர்டு, சிலருக்கு வாய்ப்பாட்டு, சிலருக்கு நாடகம், சிலருக்கு எந்த வகுப்பும் இல்லை. ஒரு பள்ளி ஆண்டு முடிந்தபோது எல்லாக் குழந்தைகளுக்கும் ஐ.க்யூ. கூடியிருந்தது. இசை கற்றவர்களுக்கு மட்டும் சுமார் 3 புள்ளி அதிகம். ஓர் ஆண்டு முழுக்க உட்கார்ந்து கற்றதற்குக் கிடைத்த பலன் அது. நடத்தையில் முன்னேறியவர்கள் வேறு குழு. மற்றவர்களோடு பழகும் குணம் மேம்பட்டது நாடகம் கற்ற பிள்ளைகளிடம்தான். அடுத்தவனாக நின்று பேசிப் பார்த்ததால் அது வந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர்த் தெருக்கூத்துக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னால் அவருக்கு இது புதுச் செய்தியாக இராது.

கேட்பதிலிருந்து செய்வதற்கு வந்ததும் விஷயம் மாறிவிடுகிறது. ஜெர்மனியில் செபாஸ்டியன் கிர்ஷ்னரும் மைக்கேல் டொமசெல்லோவும் நான்கு வயதுக் குழந்தைகள் 96 பேரை இரண்டிரண்டு பேராக விளையாட விட்டார்கள். ஒரு பிரிவு சேர்ந்து பாடி, தாளம் தட்டி, ஆடியது. இன்னொரு பிரிவு அதே விளையாட்டைப் பாட்டில்லாமல் ஆடியது. பிறகு ஒரு குழந்தையின் கையிலிருந்து கோலிகள் கொட்டும்படி செய்தபோது, சேர்ந்து பாடிய பிள்ளைகள்தான் கூடுதலாக உதவிக்கு ஓடினார்கள். கனடாவில் லாரா சிரெல்லி குழுவினர் 14 மாதக் குழந்தைகளை இசைக்கு ஏற்ப மேலும் கீழும் ஆட்டினார்கள். எதிரே ஒருவர் அதே தாளத்தில் ஆடினார். அவர் ஏதாவது ஒன்றைக் கீழே தவறவிட்டால், தாளம் சேர்ந்து ஆடிய குழந்தை அதை எடுத்துக் கொடுப்பது அதிகமாக இருந்தது. மான்ட்ரியலில் இன்னொரு சோதனை. தெரியாத மொழியில் பாட்டைக் கேட்ட கைக்குழந்தைகள் சுமார் ஒன்பது நிமிடம் சிணுங்காமல் இருந்தன. பேச்சுக்கு அதில் பாதி நேரம்தான் தாங்கின.

அந்த மான்ட்ரியல் கணக்கை நம் பாட்டிமார் எப்போதோ போட்டுவிட்டார்கள். தாலாட்டு நீளமாக இருப்பதற்குக் காரணமே அதுதான். யார் அடித்து அழுகிறாய் என்று கேட்டு, மாமனா, அத்தையா, பாட்டியா என்று உறவு முழுவதையும் வரிசையாக இழுப்பார்கள். இடையே நாத்தனாரைப் பற்றி ஒரு குத்தல், மாமன் கொண்டுவராத சீரைப் பற்றி ஒரு கேலி. தூங்குவது குழந்தை, பாடி ஆற்றிக்கொள்வது தாய். அந்தப் பாட்டில் சிரிப்பு இருந்தது, மூச்சு இருந்தது, ஆடும் கால் இருந்தது. செல்போனுக்குள் இருக்கிற வீணை எவ்வளவு உயர்ந்த கையிலிருந்து வந்ததாக இருந்தாலும், அந்தக் குழந்தை அழுதால் அது பாட்டை மாற்றிக்கொள்ளாது.

இந்தக் கடற்கரையில் இசையையும் பிள்ளையையும் பற்றிப் பேசினால் எல்லோரும் ஒரு பெயரைச் சொல்வார்கள். 'அப்துல் கலாம் வீணை வாசிப்பாராம்' என்று சொல்லி, அதனால்தான் அவ்வளவு உயர்ந்தார் என்பதுபோல் ஒரு தலையசைப்பு. பேய்க்கரும்பில் அவருடைய நினைவிடத்தில் வீணையோடு அமர்ந்த சிலையும் இருப்பதால் அந்த எண்ணம் இன்னும் வலுப்பட்டிருக்கிறது. ஆனால் அவருடைய சிறுவயதில் இருந்தவை வேறு. புளியங்கொட்டை பொறுக்கி மளிகைக் கடையில் கொடுத்து ஓரணா வாங்கிய நாட்கள் இருந்தன. போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, தனுஷ்கோடிச் சாலைப் பக்கம் ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பிடித்து வீடு வீடாகப் போட்ட காலைகள் இருந்தன. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிப்போகத் தந்தை கட்டிய படகும், அதைப் புயல் கொண்டுபோனதும் இருந்தன. பறவை எப்படிப் பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியதோடு நிற்காமல், வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துப்போன ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் இருந்தார். வீணை அவர் கைக்கு வந்தது வளர்ந்த பிறகு. ராக்கெட் வேலைக்கு நடுவிலும் அதற்கு நேரம் ஒதுக்கினார், அது அவருக்குப் பிடித்திருந்தது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்த வரிசையை மாற்றாமல் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இசையே மூச்சாக இருந்த வீடுகளும் இந்தச் சீமையில் உண்டு. சேதுபதிகளின் ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரை ஆதரித்தது. அவரிடம் கற்றுத்தான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் இன்றைய கச்சேரிக்கு ஒரு வடிவம் தந்தார். மிருதங்கம் வாசித்த சித்சபை சேர்வையின் வீட்டில் ஒரு மகன் முருகபூபதி, பாலக்காடு மணி ஐயரோடும் பழநி சுப்பிரமணியப் பிள்ளையோடும் சேர்த்துச் சொல்லப்பட்ட கலைஞர். இன்னொரு மகன் சங்கரசிவம், மதுரை டி.என்.சேஷகோபாலனுக்குக் குரு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் மூளை வளரட்டும் என்று மிருதங்கத்தை வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். விடிந்தால் சொற்கட்டு, அடைந்தால் சொற்கட்டு. கூடவே தட்டியதில் கை பழகியது.

மறுபடி அரிச்சல்முனைக்கு வருகிறேன். அந்தப் பெரியவர், அழுகிற குழந்தைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, காலி பிஸ்கட் டின் ஒன்றைக் கவிழ்த்து வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். குழந்தை பார்த்தது. அவர் மறுபடி தட்டினார். அழுகைக்கு நடுவிலேயே அது கையை ஓங்கி ஒரு அடி கொடுத்தது. அவர் பதிலுக்கு ஒன்று. அது இரண்டு. ஐந்து நிமிடத்தில் அங்கே ஒரு தனி ஆவர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. எழுந்து போக யாருக்கும் மனம் வரவில்லை.

அவர் தனுஷ்கோடியிலேயே பிறந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்தபோது பத்து வயது என்றார். ரயில் நிலையமும் பள்ளிக்கூடமும் தபால் ஆபீசும் இருந்த ஊர் ஒரே இரவில் போனது. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. கடலை விட்டுப் போக முடியாதவர்கள் திரும்பி வந்து கம்பிப்பாடு பக்கமும் பாலம் பக்கமும் குடிசை போட்டார்கள். அவர் குடும்பம் கரைவலைக் குடும்பம். வலையின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, படகில் போய் அரைவட்டமாக வளைத்து வந்து, இரண்டு முனைகளையும் கரையில் நின்று இழுப்பார்கள். ஆள் நிறைய வேண்டும். பெரியவர்கள் முன்னால், பிள்ளைகள் கயிற்றின் வாலில்.

"அம்பா சொல்லித்தான் இழுப்போம். ஒருத்தர் சொல்லுவாரு, மத்தவுக வாங்கிச் சொல்லணும். அந்தச் சொல்லு விழுற இடத்துல எல்லாரும் ஒண்ணா இழுக்கணும். முந்தி இழுத்தாலும் பிந்தி இழுத்தாலும் கயிறு உள்ளங்கையை அறுத்துப்புடும்." கையை விரித்துக் காட்டினார். "எங்கள யாரும் அதட்டுனதில்ல. கயிறே சொல்லிக் குடுத்துரும்."

கடலோரத்தில் அம்பாப் பாட்டென்றால் அதில் வேடிக்கைக்குப் பஞ்சம் இருக்காது. சோம்பேறியைக் கிண்டல் செய்வதும், வலையில் விழுந்த மீனை வர்ணிப்பதும், சாமியை வம்புக்கு இழுப்பதும் அதே மூச்சில் வரும். உடம்பு நோகிற வேலையில் சிரிக்க வைப்பதுதான் அதன் வேலையில் பாதி. ஜெர்மனியில் அந்த ஆய்வைச் செய்தவர்களை ஒருநாள் இந்தக் கரையில் நிறுத்தி, கயிற்றின் வாலில் நிற்கும் பிள்ளைகளைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

கோயம்புத்தூர் அம்மாவும் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். போனை மறுபடி கையில் எடுத்தார். இந்த முறை எதையும் போடவில்லை. பதிவு செய்யும் பொத்தானை அமுக்கிப் பெரியவரிடம் நீட்டினார். "ஐயா, அந்தப் பாட்டுல ரெண்டு வரி பாடுங்க. பாப்பாவுக்கு நான் பாடிக்கறேன்."

பெரியவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. கண்ணை மூடிப் பார்த்தார். சிறிது நேரம் கழித்துத் தலையை ஆட்டினார். "கயிறு கையில இல்லாம அது வராதும்மா."

மாமியார் தோளிலிருந்த துண்டை எடுத்து முறுக்கி, ஒரு முனையை அவரிடம் கொடுத்துவிட்டு, மறு முனையைப் பேரன் கையில் திணித்தார்.